‘அல்லது’ என்கிற சொல்

சட்ட வாசகம் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று இருக்கும் 7ஏ பிரிவை மட்டும் ஒரு கவிதையைப்போலத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். இருவருக்கும் புரிகிற ஏதோ ஒரு மொழியில் ‘ஏற்கிறேன்’ என்று சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். புரோகிதர் வேண்டாம். அந்த ‘அல்லது’தான் இந்தப் பிரதியின் உயிர்.

1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை என்பது காரணம். ஊர் கூடி வாழ்த்திய தம்பதிகளின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையே கேள்வியானது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, பழைய திருமணங்களையும் சேர்த்துச் சட்டத்தைத் திருத்தினார்.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை இருக்கிறதே, அதன் பக்கத்து டீக்கடையில் நண்பர் ஒருவர் இந்தக் கதையை வைத்துத்தான் மடக்குவார். “கோர்ட்டு கெடுத்ததை ஓட்டு சரி பண்ணுச்சு. கல்யாண விஷயத்துல ஜட்ஜுங்களுக்கு என்னங்க வேலை?”

சுயமரியாதைக்காரர்களுக்குப் பின்னால் ஒரு இயக்கம் இருந்தது, அதிலிருந்து கிளைத்த கட்சி இருந்தது. அப்படியும் 14 வருஷம் ஆயிற்று. அது இல்லாதவர்கள்?

2014இல் அதே உயர்நீதிமன்றம், வக்கீல் அறையில் ரகசியமாக நடப்பது 7ஏ திருமணம் ஆகாது என்றது. வீட்டுக்குப் பயந்து ஓடிவரும் ஜோடி பத்திரிகை அடித்தா கூப்பிடும்? 2023 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. அமர்வில் நீதிபதி ரவீந்திர பட் இருந்தார். சரியாக 50 நாள் கழித்து, அக்டோபர் 17இல், தன்பாலினத் திருமண வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. அதன் சாரம்: இதைச் செய்யவேண்டியது சட்டமன்றங்கள், நாங்கள் அல்ல.

முதல் வழக்கில் விளக்கம் சொல்ல ஒரு பிரிவு இருந்தது, இரண்டாவதில் இல்லை என்று சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். ஆனால் 1953 தீர்ப்பும் இதே தர்க்கம்தானே?

வேறு மாதிரியும் வாசிக்க முடியும். திருச்சி வழக்குகள் போகிற மதுரைக் கிளை, 2019இல் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றது. புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. இருந்த சொல்லையே கொஞ்சம் நின்று வாசித்தார்கள். நான் அந்த வாசிப்பின் பக்கம்.

நண்பர் விடவில்லை. “அப்ப அவங்களும் ஓட்டுக் கேட்டு ஜெயிக்கட்டும்.” ஸ்ரீரங்கம், திருச்சி கிழக்கு, மேற்கு என்று எத்தனையோ பிரச்சார ஜீப்புகள் எங்கள் தெருக்களில் போயிருக்கின்றன. இந்தப் பேச்சை ஒரு மைக்கிலும் நான் கேட்டதில்லை.