சூடு தாங்கும் ஈஸ்ட்: கரும்புக்கு ஒரு கணக்கு, மரவள்ளிக்கு ஒரு கணக்கு

சூடு தாங்கும் ஈஸ்ட் கிடைத்துவிட்டால் வெயில் நாட்டு எத்தனால் ஆலைகளின் பாதிக் கவலை தீரும் என்ற பேச்சு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. 1992-இல் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் பானட், நிகம், மார்ச்சன்ட் மூவரும் 52 டிகிரி செல்சியஸில் வளர்ந்து, 45-லும் 50-லும் எத்தனால் தரும் ஈஸ்ட் வகைகளை விவரித்தார்கள். க்ளூவெரோமைசிஸ் மார்க்சியானஸ் இனத்தைச் சேர்ந்த அவை கிடைத்தது ஓர் இந்திய வடிசாலையில். கரும்பும் மரவள்ளியும் விளையும் கள்ளக்குறிச்சிக்கு இது உதவுமா?

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். கல்வராயன் மலையின் கள்ளச்சாராய ஊறலோ ஆலையின் ஊறலோ, எவ்வளவு சூடேறினாலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஈஸ்ட் சர்க்கரையை மெத்தனாலாக மாற்றாது. இந்த மாவட்டத்தில் நொதித்தலைப் பற்றிப் பேசுபவர் இதைத் தெளிவாக்காமல் மேலே போகக் கூடாது.

இனி ஆலைக்கு வருவோம். நொதித்தலே வெப்பத்தை வெளியிடும் வினை. லிட்டருக்கு 160 கிராம் சர்க்கரை உள்ள கரைசலைக் குளிர்விக்காமல் விட்டால் 20 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். வழக்கமான சாக்கரோமைசிஸ் ஈஸ்டுக்கு 30 முதல் 34 வரை சுகம். அதைத் தாண்டினால் சோர்வு. கூலிங் டவர் தண்ணீரோ காற்றின் ஈரப்பதம் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே குளிராது. மே மாதத்தில் ஆலைக்காரர் படும் பாடு உண்மையானது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸைப் பொறுத்தவரை 45 டிகிரி ஈஸ்ட் அந்தப் பாட்டை வேறு இடத்துக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். சூடும் எத்தனாலும் சேர்ந்து செல்லின் சவ்வைத் தளர்த்துகின்றன. அதனால் சூடு கூடக்கூட ஈஸ்ட் தாங்கும் எத்தனால் அளவு இறங்கும். ஊறலில் 9 சதவீதம் எத்தனால் இருந்தால் ஒரு லிட்டர் எடுக்க 11 லிட்டர் ஊறல் போதும். 6 சதவீதமானால் கிட்டத்தட்ட 17 லிட்டர். கூடுதல் ஆறு லிட்டரும் வடிகலனில் நீராவியைத் தின்றுவிட்டு, கறுத்த கழிவுநீராக வெளியே வருகிறது. சொட்டுக் கழிவையும் வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் அதைச் சுண்டவைக்க இன்னும் எரிபொருள் வேண்டும். குளிர்விப்பதில் மிச்சமாகும் மின்சாரம் இந்த நட்டத்தை ஈடுகட்டும் என்று நான் நம்பவில்லை.

சூட்டில் பிற கிருமிகள் வளராது என்ற வாதமும் நிற்காது. 40 டிகிரியில் காட்டு ஈஸ்ட் ஒடுங்கலாம். ஆனால் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு அதுதான் மிகப் பிடித்த சூடு. அவை சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி விளைச்சலைத் தின்னும்.

2014-இல் கஸ்பேட்டா, நீல்சன் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் காட்டிய வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. சாக்கரோமைசிஸையே ஏறத்தாழ 40 டிகிரியில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துத் தேர்ந்தபோது, அதன் சவ்வில் எர்கோஸ்டெராலுக்குப் பதில் வேறு ஸ்டெரால் சேர்ந்து தாங்குதிறன் கூடியது. மொலாசஸ் ஆலைக்கு வேண்டியது இந்த மாதிரிச் சில டிகிரி இடைவெளிதான்: கூலிங் டவர் தடுமாறும் மதியத்தில் 38 வரை போனாலும் சாகாத, எத்தனால் குறையாத ஈஸ்ட்.

மரவள்ளியில் தீர்ப்பு மாறுகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் குளுக்கோஅமைலேஸ் 60 டிகிரி அருகில் நன்றாக வேலை செய்யும். நாரை உடைக்கும் செல்லுலேஸ் 50-ஐ ஒட்டி. ஈஸ்டுக்காக ஊறலை 32-இல் வைத்தால் இரண்டும் மந்தமாகிவிடும். அந்த மந்தத்தை ஈடுகட்ட, விலை கொடுத்து வாங்கும் நொதியைக் கூடுதலாகப் போட வேண்டும். ஒரே கலனில் சர்க்கரையாக்கலும் நொதித்தலும் 40 டிகிரிக்கு மேல் நடந்தால் அந்தச் செலவு நேரடியாகக் குறையும். சேலம், ஆத்தூர் வட்டாரச் சேகோ ஆலைகளில் மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியில் மாவும் நாரும் சேர்ந்தே கிடக்கின்றன. க்ளூவெரோமைசிஸுக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் இந்தப் பக்கத்தில் இல்லை.

திப்பி இப்போது மாட்டுத் தீவனமாகப் போகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே அதில் எத்தனால் எடுப்பவர், வடித்தபின் எஞ்சும் சக்கையை உலர்த்தித் தொழுவத்துக்கே திருப்பித் தர வேண்டும். உலர்த்தும் செலவையும் சேர்த்த பிறகு நொதியில் மிச்சம் நிற்குமானால், நான் சூட்டு ஈஸ்டின் பக்கம்.