அச்சேறிய நூல் எங்கே போகிறது?

தமிழில் நூல் எழுதுவது கடினமா, அச்சிடுவது கடினமா என்று கேட்டால், இரண்டையும்விட விற்பதுதான் கடினம் என்பேன். சொந்தக் காசில் நூல் போடுவோருக்கு இது இன்று நேற்று வந்த துயரம் அன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்று அதற்குப் பொருள் திரட்டினார். பாரதியாரோ 1920இல் தம் நூல்களை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 பிரதி வீதம் வெளியிட எண்ணி, அன்பர்களிடம் கடனுதவி வேண்டிச் சுற்றறிக்கை அனுப்பினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். திட்டம் கனவாகவே நின்றது.

இன்று அச்சு எளிது. 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' முறையில் ஐம்பது பிரதிகூடப் போடலாம். ஐ.எஸ்.பி.என். எண்ணையும் நடுவண் அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. ஆனால் இந்த வசதியெல்லாம் அச்சகத்து வாசலோடு சரி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூலின் விலை ரூ.200, குறைந்த பிரதி என்பதால் அச்சுச் செலவு ரூ.90, கடைக்கழிவு 40 விழுக்காடு, அதாவது ரூ.80 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ரூ.30. அதிலும் கடைக்கு அனுப்பும் செலவு போகும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடகையும் ஆள் சம்பளமும் அவர் தலையில். விற்ற பிறகு பணம் என்னும் ஏற்பாட்டில் அந்த முப்பது ரூபாய்க்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிப்பகத்துக்கு நூறு தலைப்புகள் உண்டு, ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று தாங்கும். ஒற்றை நூலாசிரியருக்கு அந்தத் தாங்கல் கிடையாது.

சரி, நூலக ஆணை? தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகப் பொது நூலகங்கள் பெருகின. அந்த ஆணையை நம்பியே 1200 பிரதி அச்சிட்ட காலமும் உண்டு. ஆனால் ஆணை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியிலோ, ஒரே ஒரு நூலுக்காகக் கடை எடுத்தால் கட்டுப்படி ஆகுமா? இன்னொருவர் கடையில் ஒரு மூலைதான் கிடைக்கும்.

அஞ்சல் ஒன்றுதான் எளியவரின் கடையாக இருந்தது. நூல்களுக்கான பழைய சலுகை அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றபோது பலரும் திகைத்தார்கள். 2025 மே 1 முதல் கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கு 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது. 300 கிராம் வரை, வரி நீங்கலாக, ரூ.20. மேற்சொன்ன நூலை ரூ.40 தள்ளுபடியில் வாசகருக்கே நேரடியாக அனுப்பினாலும் ஆசிரியருக்கு ஏறக்குறைய ரூ.50 மிஞ்சும். வாசகருக்கும் லாபம், எழுதியவருக்கும் லாபம்.

குறை எழுத்தாளர் பக்கமும் உண்டு. மெய்ப்புப் பார்க்காத பக்கங்கள், விலை போடாத அட்டை, பத்து வாழ்த்துரைகள். எங்கே கிடைக்கும் என்ற முகவரி மட்டும் இருக்காது! இப்படி வரும் நூலை யார் தேடி வாங்குவார்கள்?

இனி நம்மைப் பற்றி. வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. பொன்னாடை உண்டு, புகழுரை உண்டு, சிற்றுண்டியும் உண்டு. முடிந்ததும், "எனக்கு ஒரு காப்பி குடுங்க சார், படிச்சிட்டுச் சொல்றேன்" என்கிறோம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் அந்த அன்பு ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் தொண்ணூறு ரூபாய் கொடுக்கிறார். பொன்னாடையின் விலைக்கு இரண்டு பிரதி வாங்கியிருக்கலாமே என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே உறுப்பினரிடம் கையொப்பம் வாங்கட்டும். எத்தனை பேரோ அத்தனை பிரதி அச்சாகட்டும். சங்க நூலகம் இரண்டு பிரதியைக் காசு கொடுத்து வாங்கட்டும். அரங்க வாசலில் ஒரு மேசை, ஒரு விற்பனையாளர், சில்லறை இருந்தால் போதும். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் நம்மவர் வாழ்ந்த வாழ்க்கையை நம்மவர்தான் எழுத வேண்டும். எழுதியது கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தால், நம் பிள்ளைகளுக்கு அதைப் படிக்க வழியேது?