கூலித் துப்பறிவாளனும் நாவலாசிரியனும்: டஷீல் ஹமற் பற்றிய சில குறிப்புகள்

துப்பறியும் நாவல் நமது விமரிசகரின் கவனத்தைப் பெரிதும் பெற்றதில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் ஆக்கங்களைப் பொழுதுபோக்கு எழுத்து என்ற தலைப்பின் கீழ்ச் சில வரிகளிற் கடந்து செல்வதே தமிழ் நாவல் வரலாற்றாசிரியரின் வழக்கம். முற்போக்கு விமரிசகரும் இவ்விடயத்தில் மரபுவாதிகளோடு உடன்பட்டே நின்றனர் எனலாம். ஆயின் கிராம்சி தமது சிறைக் குறிப்புகளில் இவ்விலக்கிய வகை பற்றிச் சிந்தித்தார். பிறெக்ற் அதனை விரும்பிப் படித்தார். ஏர்னஸ்ற் மண்டேல் 1984இல் அதன் சமூக வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். பூர்ஷ்வாச் சமுதாயம் தனது சொத்தைப் பற்றியும் அச்சத்தைப் பற்றியும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் கதை இது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அக்கதையை உள்ளிருந்தே அறிந்த ஒருவரின் வாழ்வும் எழுத்தும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

டஷீல் ஹமற் 1894இல் ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திற் பிறந்தார். பதின்மூன்று பதினான்கு வயதிலேயே பள்ளிப்படிப்பு நின்றுபோயிற்று. சிறு வேலைகள் பல பார்த்தபின், 1915இல் போல்ற்றிமோர் நகரில் பிங்கேற்றன் துப்பறியும் நிறுவனத்திற் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் வரலாற்றை அறியாது ஹமற்றின் நாவல்களைப் படிப்பது வீண். அதனை நிறுவிய அலன் பிங்கேற்றன் ஸ்கொத்லாந்தில் சாசன இயக்கத்தோடு தொடர்புபூண்டிருந்த தொழிலாளி. அத்தகையவரின் பெயரைத் தாங்கிய நிறுவனமே முதலாளிகளின் தனியார் படையாக வளர்ந்தது. 1870களில் பென்சில்வேனிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே அதன் ஒற்றன் ஒருவன் ஊடுருவினான். அதைத் தொடர்ந்த வழக்குகளில் இருபதின்மர் தூக்கிலிடப்பட்டனர். 1892இல் ஹோம்ஸ்ற்றெட் உருக்காலை வேலைநிறுத்தத்தை முறியடிக்க ஏறத்தாழ முந்நூறு பிங்கேற்றன் ஆட்கள் ஆயுதங்களோடு தோணிகளிற் கொண்டுவரப்பட்டனர். பென்சில்வேனிய நிகழ்ச்சியையே கொனன் டொயில் 1915இல் ஷேர்லொக் ஹோம்ஸ் நாவலொன்றுக்கு அடிப்படையாக்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அந்நாவலில் ஒற்றனே வீரன், தொழிலாளரோ கொலைகாரர். அது வெளிவந்த அதே ஆண்டில் இருபத்தொரு வயது ஹமற் அந்த ஒற்றனின் தொழிலை ஏற்றார்.

1917 ஓகஸ்ற் 1ஆந் திகதி, மொன்ரானா மாநிலத்தின் பியூற் செப்புச் சுரங்க நகரில், உலகக் கைத்தொழிலாளர் சங்கத்தின் அமைப்பாளர் பிராங்க் லிற்றில் நள்ளிரவில் இழுத்துச் செல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவரைக் கொல்வதற்குத் தமக்கு ஐயாயிரம் டொலர் பேசப்பட்டதாக ஹமற் கூறினார் என, அவரோடு நீண்டகாலம் வாழ்ந்த நாடகாசிரியை லில்லியன் ஹெல்மன் எழுதியுள்ளார். இதற்கு அவரது கூற்றைத் தவிர வேறு சான்றில்லை, ஐயுறுவோரும் உளர். ஹமற் பற்றி எழுதும் இடதுசாரிகள் இந்நிகழ்ச்சியை அவரது ஞானோதயமாகக் காட்ட விரும்புவர். அவ்விருப்பம் எமக்கு உடன்பாடன்று. அந்நிகழ்ச்சி உண்மையாயினும், அதன் பின்னரும் அவர் அந்நிறுவனத்தில் ஊதியம் பெற்றார். அவரை அத்தொழிலிலிருந்து நீக்கியது மனச்சாட்சியன்று, காசநோய். 1918இல் இராணுவத்திற் சேர்ந்தபோது பற்றிய நோய் 1920களின் தொடக்கத்தில் அவரை வேலைக்குதவாதவராக்கிற்று. மனைவியும் குழந்தையுமாகச் சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த நோயாளிக்கு எழுத்து ஒரு பிழைப்பாயிற்று. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்த மலிவுத்தாட் சஞ்சிகைகளுள் ஒன்றான 'பிளாக் மாஸ்க்' இதழில், 1923இல், பெயரற்ற துப்பறிவாளன் ஒருவனைப் படைத்தார். அவனும் நிறுவனமொன்றின் கூலியாளே. ஷேர்லொக் ஹோம்ஸ் தன் விருப்பத்திற்குத் துப்பறியும் கனவான்; ஹமற்றின் பாத்திரமோ மேலதிகாரிக்கு அறிக்கை எழுதும், செலவுக் கணக்கு ஒப்புவிக்கும் உழைப்பாளி. இவ்வேறுபாட்டை நடையின் வேறுபாடாக மட்டுமே பலர் பேசியுள்ளனர். உண்மையில் இது உற்பத்தி உறவில் அவ்விருவரும் வகிக்கும் இடத்தின் வேறுபாடாகும்.

1929இல் நூலாக வெளிவந்த 'ரெட் ஹார்வெஸ்ற்' இவ்வகையில் முதன்மையானது. சுரங்க நகரொன்று, அதன் உடைமையாளன் எலிஹு வில்சன் என்னும் கிழவன். சுரங்கம், வங்கி, செய்தித்தாள் யாவும் அவனுடையவை. தொழிலாளர் போராட்டத்தை நசுக்க அவன் அடியாட்களை வரவழைத்தான். போராட்டம் நசுங்கியது, ஆனால் வந்தவர்கள் போகவில்லை, நகரைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். துப்பறிவாளன் வருவது இக்கட்டத்திலே. குற்றம் என்பது ஒழுங்கான சமூகத்திற் புகுந்த அந்நியப் பொருள் என்பதே இவ்விலக்கிய வகையின் ஆதார நம்பிக்கை. ஹமற் அதனைத் தலைகீழாக்கினார். இங்கே குற்றம் சொத்துடைமையின் பிள்ளை. கொலையாளி யார் என்ற வினா, கொலையாளியை அமர்த்தியவன் யார் என்ற வினாவாக மாறுகின்றது. பொலிஸ் தலைவனும் பங்காளிகளுள் ஒருவனே.

எனினும் நாவல் எங்கே முடிகிறது? துப்பறிவாளன் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அழிக்கிறான், இரத்தம் பெருகுகிறது, தானே கொலையில் இன்பங் காணத் தொடங்கிவிட்டதாக அஞ்சுகிறான். இறுதியில் இராணுவச் சட்டம் அமுலாகிறது. நகரம் துப்புரவாக்கப்பட்டு அதே கிழவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. கதையின் தொடக்கத்திற் தொழிற்சங்கவாதி பில் குவின்ற் நகரின் வரலாற்றைத் துப்பறிவாளனுக்கு எடுத்துரைக்கிறான். ஆனால் கதையின் போக்கைத் தீர்மானிக்கும் இடம் அவனுக்கு அளிக்கப்படவில்லை. தொழிலாளி செய்தி தருபவன். செயல் தனியனுக்கே உரியது. இதனை ஆசிரியரின் கருத்துக் குறைபாடு என்று தள்ளிவிடுவது எளிது. எமது விமரிசனத்தில் அத்தகைய தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. தனியொருவனின் கண்ணால் மட்டுமே உலகைக் காணுமாறு விதிக்கப்பட்ட வடிவத்தில், கூட்டாகச் செயற்படும் வர்க்கத்திற்கு இடமில்லை என்பதே உண்மை. ஹமற் அவ்வடிவத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். அங்கே சுவர் இருந்தது.

அச்சுவரைப் பிந்திய நாவல்களும் வெவ்வேறு இடங்களில் மோதுகின்றன. 'மோல்ற்றீஸ் போல்கன்' நாவலில் (1930) யாவரும் கொன்றும் பொய்யுரைத்தும் தேடும் பொற்பருந்து வெறும் ஈயம் என வெளிப்படுகிறது. பண்டத்தின் மாயத்தன்மை பற்றி மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் தெளிவான புனைகதை உருவகம் கிடைப்பது அரிது. பாத்திரங்களின் உள்ளத்துட் புகாது, அவர்களின் கையசைவையும் பேச்சையும் மட்டுமே தரும் அதன் நடை, ஒற்றனின் அறிக்கை நடையே கலையாக உயர்ந்தது எனலாம். 'கிளாஸ் கீ' (1931) நாவலிற் கொலையாளி ஒரு செனற்றர். கொல்லப்பட்டவன் அவரது மகன். 1934இல் வந்த 'தின் மான்' நாவலில் துப்பறிவாளன் தொழிலை விட்டு, செல்வந்த மனைவியின் சொத்தை நிர்வகித்து, மது அருந்திக் காலங்கழிக்கிறான். வாசகர் இதனை இனிய நகைச்சுவையாகக் கொண்டாடினர். ஹொலிவூட் பல படங்களாக எடுத்தது. கூலித் துப்பறிவாளன் சொத்தின் கணக்கப்பிள்ளையாகிவிட்டான். அவனைக் கொண்டு மேலும் சொல்ல என்ன இருந்தது?

அதன் பின்னர் 1961இல் இறக்கும்வரை ஹமற் வேறு நாவல் எதனையும் வெளியிடவில்லை. அரசியல் அவரது கலையைக் கெடுத்தது என்பாருக்கு ஆண்டுகளே விடை. அவர் கம்யூனிஸ்ற் கட்சியிற் சேர்ந்தது 1930களின் பிற்பகுதியில். மௌனம் அதற்கு முந்தியது. குடியும் நோயும் ஹொலிவூட் பணமும் காரணங்கள் அல்ல என்று வாதிப்பது எமது நோக்கமன்று. ஆனால் கலையைப் போராட்டத்திற்காகத் தியாகஞ் செய்தார் என்ற இடதுசாரிப் புகழுரையும் அதே அளவு பிழையானது. தமது வடிவம் தரமுடியாத கூட்டுச் செயலை அவர் எழுத்துக்கு வெளியே தேடினார் என்று கொள்வதே பொருத்தம். நாற்பத்தெட்டாவது வயதில், நோயுற்ற நுரையீரலோடு, பாசிசத்துக்கு எதிரான போரிற் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, அலூசியன் தீவுகளிற் படையினருக்கான செய்தித்தாளை நடத்தினார்.

1951இல், பிணையில் விடப்பட்ட கம்யூனிஸ்ற் தலைவர் நால்வர் தலைமறைவாயினர். பிணை நிதியத்தின் பொறுப்பாளருள் ஒருவரான ஹமற்றிடம், பணம் வழங்கியோரின் பெயர்களை நியூயோர்க் நீதிமன்றம் கேட்டது. அவர் வாய்திறக்கவில்லை. ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டு, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அனுபவித்தார். பிறர் பெயர்களை அறிந்து அறிக்கையிடுவதே ஒருகாலத்தில் அவரது ஊதியத்திற்குரிய வேலையாயிருந்தது. சிறைக்குப் பின் வருமானவரிப் பாக்கிக்காக அவரது வருவாய் முடக்கப்பட்டது. 1953இல் மக்கார்த்தியின் குழு முன்னிலையிலும் நிறுத்தப்பட்டார்.

அக்காலத்தில் 'ரூலிப்' என்றொரு நாவலைத் தொடங்கினார். அதிலே துப்பறிவாளன் இல்லை, கொலையும் இல்லை. சிறையிலிருந்து மீண்ட முதிய எழுத்தாளன் ஒருவன், எதனை எழுதுவது, ஏன் எழுதாதிருக்கிறேன் என்று பழைய நண்பனோடு வாதிடுகிறான். ஹமற் அதனை முடிக்கவில்லை. அவர் மறைந்தபின், 1966இல், ஹெல்மன் பதிப்பித்த தொகுப்பில் அது அரைகுறையாகவே வெளியாயிற்று.