துறைமுகமும் கருமணலும்: நூதனசாலைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நூதனசாலை ஒன்றினையும் நூலொன்றினைப் போலவே விமர்சனத்துக்கு உட்படுத்தலாம். எதனை எடுத்தது, எதனை விடுத்தது, எவருக்காக அடுக்கியது ஆகிய வினாக்கள் இரண்டுக்கும் பொருந்துவன. திருகோணமலையில் இவ்வினாக்களை எழுப்புவதற்குக் காரணமுண்டு.

இங்குள்ள நூதனசாலைகளுள் இரண்டு கருதத்தக்கவை. ஒல்லாந்தர் காலக் கட்டடமொன்றில் 2013இல் திறக்கப்பட்டது கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலை. மற்றையது கடற்படைத் தளத்தினுள் அமைந்த ஊட் கோபுர நூதனசாலை. பீரங்கி முதலிய படைக்கலங்களுக்குரியது. இரண்டும் தத்தம் பெயருக்கேற்பக் கடலையும் கடற்படையையும் பேசுவன. அதனைக் குறையென்று கூறுதல் நியாயமாகாது. ஆயின் மாவட்டத்தின் வரலாறு இத்தகையவற்றோடு நின்றுவிடும்போது, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கப்பலில் வந்தோரின் வரலாறே திருகோணமலையின் வரலாறு என்னும் எண்ணம் பார்வையாளரிடம் வலுப்பெறுகிறது. கப்பலேறிச் சென்ற பொருளின் கதையும், அதனை அள்ளிய கைகளின் கதையும் எங்கே?

நகருக்கு வடக்கே புல்மோட்டைக் கரையிற் பரந்துள்ள கருமணலையே இங்குக் கருதுகின்றேன். உலகின் செறிவுமிக்க கனியமணற் படிவுகளுள் ஒன்றான இதில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைற். எஞ்சியதில் உரூற்றைல், சிர்க்கன், சிறிதளவு மொனசைற். உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆற்று வழியே கடலடைய, அலையானது இலேசான மணலை அகற்றிப் பாரமானவற்றைக் கரையில் விட்டுச் செல்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இப்படிவு ஓரளவு புதுப்பிக்கப்படுவதுமுண்டு. 1957இல் இதற்கெனக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இல்மனைற் காந்தத்தால் ஈர்க்கப்படும், உரூற்றைல் மின்னைக் கடத்தும், சிர்க்கன் கடத்தாது. தொழிற்சாலை இவற்றைப் பிரிப்பது இவ்வியல்புகளைக் கொண்டே. கரிய இல்மனைற்றிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு, வண்ணப்பூச்சுக்கும் தாளுக்கும் வெண்மை தருவது. அவ்வெண்மையின் ஆதாயம் மணலை வாங்கிய நாடுகளுக்கே பெரிதும் உரியதாயிற்று. போரும் இக்கரையை விட்டுவைக்கவில்லை: 1997 செப்டெம்பரில் இல்மனைற் ஏற்றிநின்ற கோர்டியாலிற்றி என்னும் கப்பல் இங்குத் தாக்கப்பட்டது. இவ்வளவும் நிகழ்ந்த கரைக்கு ஒரு காட்சிக்கூடம் எழவில்லை.

சுரங்கத்தையும் மண்ணின் பழமையையும் இணைத்துக் காட்டுதல் இயலாததன்று. தமிழகத்தில் அரியலூரை அடுத்த வாரணவாசியிற் புதைபடிவ அருங்காட்சியகம் உளது. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழப்படும் அப்பகுதி, கிரித்தேசியக் காலக் கடலின் அடித்தளமாக இருந்தது. அகழ்வோரின் கையிற் சங்குகளும் அமோனைற்றுகளும் அகப்பட்டன. கல்லுடைக்கும் தொழிலும் கல்லைக் கற்கும் அறிவும் அங்கு ஒரே நிலத்தைச் சார்ந்தவை.

நமது பாறைகளிற் புதைபடிவம் தேடுவது வீண். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய தொல்பாறை. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லும் தப்போவைப் படிவுகளும் விதிவிலக்கானவை. ஆனாற் சிர்க்கன் மணியொன்று, தான் பிறந்த காலத்தைத் தன்னுள் அடங்கிய யுரேனியத்தின் சிதைவாற் காட்டவல்லது. இத்தீவின் சிர்க்கன்களுட் பல 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை. அமோனைற்றின் இடத்தில் வைப்பதற்கு நம்மிடம் இம்மணி உண்டு.

இவ்விடத்தில் ஆனந்த குமாரசுவாமியை நினையாதிருக்க முடியாது. கலை விமர்சகராகப் போற்றப்படும் அவர் புவியியலாளராகவே வாழ்வைத் தொடங்கியவர்; 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கியவர்; தோரியனைற் என்னும் கனிப்பொருளை அறிவுலகுக்கு அறிமுகஞ் செய்தவர். பின்னர் பொஸ்ரன் நூதனசாலையிற் பணியாற்றியவர், வழக்கிழந்து அழியும் நிலையிலுள்ள பழம்பொருள்களைப் பேணுவதே நூதனசாலையின் பணியென வாதித்தார். 1943இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில் அவ்வாதத்தைக் காணலாம். (நம் மாணவர் அவருடைய நடராசர் கட்டுரையோடு நின்றுவிடுவது வருந்தத்தக்கது.)

அவர் அளவுகோல் எனது கோரிக்கைக்கே தடையாகின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புல்மோட்டையில் இன்றும் மணல் அள்ளப்படுகின்றது. வழக்கிலுள்ள தொழிலுக்கு நூதனசாலை ஏன்? மணலுக்கு அது வேண்டியதில்லைதான். வேண்டுவது, தொடக்ககாலத் தொழிலாளரின் நினைவுக்கு. எவ்விடத்து மணல் செறிந்தது என்பதைக் கண்ணால் அறிந்த அனுபவம், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அத்தொழிலிற் கூடிப் புழங்கிய சொற்கள், போர்க்காலத்து இடப்பெயர்வு, கரையிழப்புப் பற்றி மீனவர் எழுப்பும் முறையீடு ஆகியன எழுத்திற் பதிவுறாமலே மறைகின்றன. முறையீட்டை விடுத்து இயந்திரங்களை மட்டும் அடுக்குவோமாயின், அது நிறுவனத்தின் விளம்பரக்கூடமாகவே முடியும்.

பெருங்கட்டடம் இதற்குத் தேவையில்லை. நமது வளாகத்திலேயே ஓரறை போதும். ஒரு தட்டிற் பிரிக்கப்படாத மணல், அருகே ஒரு காந்தம், பிரித்த கனிப்பொருள்களின் சிறு குவியல்கள், மும்மொழியிற் பெயர்ச்சீட்டு. சுவரோரம் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இரு நாற்காலிகளும். புல்மோட்டையின் முதிய தொழிலாளர் ஒருவரை முதல் நாற்காலியில் அமர்த்துவதற்கு நமது சங்கம் அடுத்த விடுமுறை வரை காத்திருத்தலாகாது.