மத்தளமும் தாளமும்

முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன், கண்ணகி கதையை ஆடும் கோவலன் கூத்துக்குத் தனிப் பாணி உண்டு; முல்லைமோடி என்பார்கள். வாத்தியம் என்று பார்த்தால் மத்தளமும் தாளமும்தான். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் பாட்டை நடத்துவார். கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பப் பாடுவார்கள். அந்தத் திரும்பப் பாடல்தான் எனக்கு உயிர். சொல் அதேதான், மெட்டும் அதேதான்; மத்தளம் முடுக்க முடுக்க, ஆட்டக்காரரின் காலும் அதோடு ஓட, முதலில் முறைப்பாடாகக் கேட்ட அடி கோபமாகிவிடும்.

1972இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், இரண்டு பேரின் கைதட்டலை மட்டும் வைத்து ஒரு படைப்புச் செய்தார். கொஞ்சத்தையே வைத்துச் செய்யும் அந்தப் பாணியை மினிமலிசம் என்று உலகம் கொண்டாடுகிறது, கொண்டாடத் தகும். ஆனால் கொஞ்சத்தை வைத்து இரவிரவாக ஆளைக் கட்டிப்போடும் வித்தை, முல்லைத்தீவில் வட்டப்பளை கண்ணகி அம்மனின் ஊர்க்காரருக்கும் தெரியும்.

இப்போது கூத்தைச் சுருக்கி மேடையேற்றுகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: பிற்பாட்டில் கை வைக்காதீர்கள்.