பரணும் பரவசமும்

ஜப்பான் தேசத்து மரியே கோண்டோ என்ற அம்மாள் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதிய புஸ்தகம் உலகமெல்லாம் விற்றது. தை பிறக்குமுன், செங்கோட்டை வீட்டில் அதைப் படித்துவிட்டுத்தான் பரண் ஏறினேன்.

ஒவ்வொரு சாமானையும் கையில் எடு. மனசில் சந்தோஷம் துளிர்க்கிறதா பார். இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்கிறார். துணிமணி விஷயத்தில் அருமையான யோசனை. சாமானுக்கு நன்றி சொல்வதும் ஆயுத பூஜை போடும் நமக்குப் புதிதல்ல.

காகிதத்துக்கு வரும்போதுதான் அம்மாளுக்கும் எனக்கும் பிணக்கு. கூடியவரை எல்லாவற்றையும் எறியச் சொல்கிறார். என் கையில் தாத்தாவின் வரி ரசீதுக் கட்டு. மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு 1109. இவ்வூர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ந் தேதிதானே! எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. சந்தோஷமா? தும்மல்தான் வந்தது.

இன்று இதே தென்காசி ஜில்லாவில் உள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போனார். பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி நெய்யோடு அக்கினிக்கு இட்டாயிற்று என்று பதில் கிடைத்ததாம். அவர்களும் ஒழுங்குபடுத்தியவர்கள்தாம், மரியாதையிலும் குறைவில்லை. கோண்டோ அம்மாளின் முறை வைத்திருப்பவனின் மனசை மட்டும் கேட்கிறது. பிறகு வந்து தேடப்போகிறவனைக் கேட்பதே இல்லை. இவ்வளவு இங்கிதமான புஸ்தகத்தில் இது பெரிய குறை.

போகியன்று கிழிந்த பாயும் முறமும் எரிந்தன. ரசீதுகளை வாசித்துச் சொல்வதாகப் புனலூர் நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.