கஞ்சித்தொட்டியின் கரண்டி

ஸ்டான்லி மருத்துவமனை என்றால் எங்கள் ஆயாவுக்குப் புரியாது. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்ல வேண்டும். 1782இல் ஐதர் அலியுடனான போரை ஒட்டி வந்த பஞ்சத்தின்போது, பட்டினியாக வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். சத்திரத்தை ஒட்டி வைத்தியசாலை வந்தது, 1930களில் அது மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்து ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. ராயபுரத்துக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை.

அந்தப் பெயர் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது ஓர் உணவு அட்டவணையைப் பார்த்தபோது. பதினாறு மாதம் நாளுக்கு 1200 கலோரியில் இருந்தேன். எடை குறைந்தது, பிறகு குறைவது நின்றது. மாதவிடாயும் நின்றது. திருவொற்றியூரின் சித்திரை வெயிலில், வகுப்பறையில் எனக்கு மட்டும் குளிரெடுத்தது. இரவில் தூக்கம் வராமல் பிரியாணி செய்யும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன், செய்வதற்காக அல்ல. இதையெல்லாம் சொன்னபோது உடற்பயிற்சிக் கூடத்தில் ‘ரிவர்ஸ் டயட்’ என்று புதிய தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். வாரத்துக்கு 50 கலோரி ஏற்ற வேண்டும். 1900ஐத் தொடப் பதினான்கு வாரம். ஐம்பது கலோரி என்பது ஒரு சின்ன இட்லி, சட்னி சேர்க்காமல். நடுவில் எடை அரைக் கிலோ கூடினால் அந்த வாரம் இட்லி கிடையாது.

ஆயா காசிமேட்டில் நாற்பது வருடம் மீன் விற்றவர். என் தட்டைப் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, கோழிக் குஞ்சுக்கு வைக்கற மாதிரி வச்சிருக்க?” என்றார். “இல்ல ஆயா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்” என்றேன். “யாரு சொன்னாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

தாள் சொல்லும் காரணம் இது. நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்டால் உடல் செலவைச் சுருக்கிக்கொள்ளும், சட்டென்று சாப்பாட்டைக் கூட்டினால் அத்தனையும் கொழுப்பாகும், மெல்ல ஏற்றினால் உடல் ‘பழுது’ நீங்கும். முதல் பகுதி உண்மை. குறைந்த எடைக்கு ஏற்ற அளவையும் தாண்டி உடல் சிக்கனம் பிடிக்கிறது என்பது அறிவியல் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால், வாரம் ஓர் இட்லி வீதம் ஏற்றினால்தான் அது சரியாகும் என்பதற்குப் போதிய சான்று கிடையாது. உண்மையான ஒரு பாதிக்கு நடுவில் இன்னொரு பாதியைச் செருகிவிட்டார்கள்.

மெல்ல ஏற்ற வேண்டிய உடல்கள் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர்கள், எடை ஆபத்தான அளவுக்கு இறங்கியவர்கள் திடீரென நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளில் சிலர் அப்படிச் சாப்பிட்டபின் இறந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனையோடுதான் உணவைத் தொடங்க வேண்டும். அங்கேகூட பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் முழுத் தேவையை எட்டச் சொல்வது நான்கிலிருந்து ஏழு நாளில். சாவின் விளிம்பில் இருப்பவருக்கு ஒரு வாரம், வகுப்பெடுத்துக்கொண்டு திரிந்த எனக்குப் பதினான்கு வாரம். இந்த வித்தியாசம் மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. எடை கூடிவிடுமே என்ற பயத்திலிருந்து வந்தது.

பட்டினியிலிருந்து மீள்வது பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆண்களின் உடலிலிருந்து வந்தது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களுக்கு எப்படி உணவு கொடுப்பது என்று அறிவதற்காகத் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்கு ஏறக்குறைய 1570 கலோரி. அதற்கு ஆய்வு வைத்த பெயர் அரைப்பட்டினி. என் தாளில் இருந்ததோ 1200. அதற்குப் பெயர் ‘ஹெல்த்தி லைஃப்ஸ்டைல்’.

அந்த ஆண்களுக்கும் குளிரெடுத்தது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், எரிந்து விழுந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் பிரியாணி வீடியோக்களை மனக்கட்டுப்பாட்டின் ஓட்டை என்று நினைத்து நான் வெட்கப்பட்டிருந்தேன். மீட்புக் கட்டத்தில் கீஸ் அவர்களைக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு அளவில் உணவைக் கூட்டினார். குறைவாகக் கூட்டிய குழு வாரக்கணக்கில் ஏறக்குறைய அப்படியே கிடந்தது. வைட்டமினும் கூடுதல் புரதமும் பெரிய மாற்றத்தைத் தரவில்லை, போதுமான கலோரி தந்தது. கட்டுப்பாடு நீங்கியபின் பலர் கொழுப்பு பழைய அளவைத் தாண்டும்வரை சாப்பிட்டார்கள் என்பதும் உண்மை. அதை யாரும் அவர்களுடைய ஒழுக்கக் குறைவு என்று எழுதவில்லை.

கரண்டி யார் கையில் இருக்கிறது என்பது கஞ்சித்தொட்டி ஊருக்குப் புதிய கேள்வி இல்லை. 1877இல் சென்னை மாகாணத்துப் பஞ்சத்தைப் பார்வையிட வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், முந்தைய பீகார் பஞ்சத்தில் அதிகம் செலவழித்துவிட்டார் என்று பேச்சு வாங்கியவர். இந்த முறை நாள் முழுக்க வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், கூடவே காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச்சில் அரசு பாதி இறங்கிவந்து 570 கிராம் தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று கூட்டியது. டெம்பிளும் தன் அளவை அறிவியல் சோதனை என்றுதான் நம்பினார். பஞ்சத்தையும் டயட்டையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. பஞ்சத்தில் தானியம் இல்லாதவர்கள் செத்தார்கள், எனக்கோ அடுக்களை நிறைய அரிசி இருந்தது. ஆனால் எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஓர் உடல் தாங்கும் என்று வெளியிலிருந்து ஒருவர் அளப்பதும், அதில் பெண்ணின் அளவைக் கேள்வி கேட்காமல் குறைப்பதும் இரண்டிலும் இருக்கின்றன.

மெல்ல ஏற்றுவது நம் வீடுகளுக்குத் தெரியாததல்ல. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் உண்டு. முதலில் குழைந்த சோறு, பூண்டு, பிறகு சுறாப்புட்டு. (பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரையே குறைக்கும் பத்தியத்தை நான் ஆதரிக்கவில்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) காய்ச்சலில் கிடந்தவருக்கும் கஞ்சி, ரசம் சோறு, பிறகு குழம்பு. அந்தப் படிகளுக்கு முடிவு இருக்கிறது. ஒருநாள் பத்தியம் முறித்து வயிறாரச் சோறு போடுவார்கள். என் தாளின் படிகளுக்கு முடிவு இல்லை. 1900இல் நின்றபின் ‘மறுபடி கட்’ என்று கடைசி வரியில் இருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட கணக்கில், 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்தே வேலை செய்தால்கூட 1660 கலோரி வேண்டும், நடுத்தர உழைப்புக்கு 2130, கடும் உழைப்புக்கு 2720. எண்ணூரிலிருந்து கூடை தூக்கிப் போகும் பெண்ணுக்குக் கடைசி எண்தான். அதே சமயம், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, 40.4 விழுக்காட்டினர் அதிக எடை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், நூறுக்குக் கிட்ட வருகிறது. சிலர் இரண்டிலும் இருப்பார்கள். எடை இருக்கிறது, ரத்தம் இல்லை. அந்த உடலுக்குத் தேவை முருங்கைக்கீரையும் முட்டையும் மத்தியும் சேர்ந்த முழுச் சாப்பாடு. கிடைப்பதோ இட்லியை எண்ணும் தாள்.

போன பருவத்தில் ஒரு மாணவி பாடம் முடிந்ததும் வந்து நின்றாள். காலையில் டீ மட்டும், மதியம் வெள்ளரிக்காய், நான்கு மாதமாகத் தீட்டு வரவில்லை. “இனி சாப்பிடலாம்னு இருக்கேன் மேடம், எவ்வளவு ஏத்தணும்?” என்று என்னிடமும் ஓர் எண்ணைத்தான் கேட்டாள். எண் எதுவும் சொல்லவில்லை. முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை, ரத்தசோகை தவிர. மூன்று வேளையும் சாப்பிடு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.

நான் ஏழாவது வாரத்தில் தாளைக் கிழித்தேன். ஆடி மாதம், தெரு முனையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டாவிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா என் சொம்பில் ஊற்றினார், நான் போதும் என்று சொன்ன பிறகும் ஊற்றினார். கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து மாதவிடாய் திரும்பியது. எடை ஆறு கிலோ கூடியது. முதல் மூன்று கிலோவுக்கு அழுதேன், மறைக்கவில்லை.

ரவிக்கைகள் எதுவும் போடவில்லை. காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் கொண்டுபோனேன். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் துணி விட்டுத்தான்மா தச்சிருக்கு, பிரிச்சு விட்றேன்” என்றார். ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.